வைரஸ் வந்த பிறகு

ஜூன் 4, செவ்வாய்

முதல் ஷிப்ட் முடிந்து நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அந்த நேரத்தில் என் மனைவி ரெஜினா கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பாள். இன்றும் இருந்தாள். ஆனால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் இந்த முகவரிக்கு எழுதிப் பணம் கட்டுங்கள், வேறு யாரிடமாவது காட்டினால் எல்லாம் அழிந்துவிடும். கடைசியில் நன்றி என்று வேறு போட்டிருந்தார்கள்.

நானும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எதுவும் திறக்கவில்லை. எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மகள் ஷெரின் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படங்கள், என் பி.எஃப். தாள்கள், எல்லாம். ரெஜினாவின் பிஎச்.டி. ஆராய்ச்சி முழுவதும் அதில்தான் இருக்கிறது. சிறுமலையில் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் கற்பாசிகளைப் பற்றியது. ஷெரின் பிறப்பதற்கு முன்பே பதிவு செய்தது. ஷெரின் இந்த வாரம் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

எப்படி வந்தது என்று கேட்டேன். கைடு பெயரில் ஒரு மெயில் வந்ததாம். 'திருத்தங்கள், மிக அவசரம்' என்று. பார்த்தவுடன் இணைப்பைத் திறந்துவிட்டாள். அப்புறம் கவனித்தால் முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவள், இலையில் ஒரு நரம்பு மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். இதைப் பார்க்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். அவள் சரி என்றாள். எழுந்து போய் அரிசி களைந்தாள்.

ஜூன் 5, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. இனி அடுத்த வாரம்தான். குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரப்பி முடிப்பதற்குள் மில் வேன் வந்துவிட்டது. வேறொன்றும் செய்ய முடியவில்லை.

ஜூன் 6, வியாழன்

சாயங்காலம் கம்ப்யூட்டர் பெட்டியை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனேன். ஷாகிரா என்று ஒரு பெண் கடை வைத்திருக்கிறார். மில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை அவர்தான் பார்க்கிறார். வாரக் கடைசிக்குள் தந்துவிடுவீர்களா என்றேன். அவர் சிரிக்கவில்லை. வைரஸை எடுப்பது பெரிய வேலை இல்லை, பூட்டியதைத் திறப்பதுதான் கஷ்டம் என்றார். இந்தப் பூட்டுகளில் சிலவற்றுக்கு யாராவது சாவி கண்டுபிடித்து இணையத்தில் சும்மா போடுவார்களாம். அது வரலாம், வராமலும் போகலாம். பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள், கட்டினாலும் திறப்பார்கள் என்று நிச்சயம் இல்லை என்றார். டிஸ்கை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு முயற்சி செய்வதாகச் சொன்னார்.

வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்று கேட்டார். அங்கிருந்தே ரெஜினாவுக்குப் போன் போட்டேன். பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே சொருகி இருந்ததால் அதுவும் போய்விட்டது. கைடுக்கு அனுப்பியிருப்பாயே என்றேன். அவருக்குத் தாளில் அச்செடுத்துத்தான் கொடுத்தேன் என்றாள்.

வைரஸ் பாஸ்வேர்டுகளையும் திருடியிருக்கலாம், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று ஷாகிரா சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் ரெஜினா தன் போனில் மெயில் பாஸ்வேர்டை உடனே மாற்றினாள். அப்படியே வாட்ஸ்அப்பில் இருந்தும் வெளியே வந்துவிட்டாள். அது தேவையில்லை என்றேன். இருக்கட்டும் என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து ரெஜினா பிரியாணி செய்தாள். மசாலாவை மிக்ஸியில் போடாமல் அம்மியில் அரைத்தாள். எவ்வளவு காலமாயிற்று. சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தவள் ஆறு மணிக்குத்தான் எழுந்தாள். ஷெரினும் நானுமாகப் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டோம்.

இரண்டு வருடமாக அவள் கையிலும் கழுத்திலும் தடிப்பு தடிப்பாக வந்து அரிக்கும். என்ன மருந்துக்கும் கேட்டதில்லை. இன்று பார்த்தேன், வற்றிப்போயிருக்கிறது.

அவள் தூங்கும்போது போன் மூன்று தடவை அடித்தது. கைடு டாக்டர் சற்குணம். பாவம், ஞாயிற்றுக்கிழமையும் மாணவர்களைப் பற்றி நினைக்கிறார். எழுந்ததும் சொன்னேன். போனைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

எல்லாம் போன துக்கத்தில் சில பேருக்கு இப்படி ஒரு மரத்த நிலை வரும் என்று மில் டிஸ்பென்சரி டாக்டர் சொல்கிறார். இருக்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

ஷாகிராவிடம் இருந்து தகவல் இல்லை. மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் இரண்டு நின்றுபோய் எனக்கு ஏச்சு. முதுகு வலி.

ஒரு வழி தோன்றுகிறது. அச்செடுத்துக் கொடுத்த தாள்கள் கைடிடம் இருக்குமே, அதை வாங்கி வந்து திரும்பவும் டைப் செய்யலாமே என்று ரெஜினாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். ஏன் என்றேன். அவருக்கு வேலை அதிகம் என்றாள். போன வருடமும் ஒரு நாள் இப்படித்தான், விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். எந்தக் கைடுதான் தங்கமாக இருக்கிறார், கையெழுத்து வாங்கும் வரைக்கும் அனுசரித்துப் போ என்று நான்தான் தேற்றி அனுப்பினேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இப்போது விடலாமா.

நாளை மறுநாள் லீவு போட்டிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 13, வியாழன்

பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வெயில். ரெஜினா இத்தனை வருடமாகச் சனிக்கிழமைதோறும் இப்படித்தான் போய் வந்திருக்கிறாள்.

டாக்டர் சற்குணம் நான் நினைத்ததைவிட நல்ல மாதிரி. நான் யார் என்று சொன்னதுமே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார். வைரஸ் விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார். ஐந்து அத்தியாயங்களையும் ரெஜினா தனக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறாள் என்றும், எல்லாம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குப் பாதி உயிர் வந்தது. தாளில் கொடுத்ததாக அவள் சொன்னாளே என்று நினைத்தேன். மறந்திருப்பாள்.

இந்த பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள் சார் என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"உங்ககிட்ட குடுக்கிறது முறை இல்ல, அருளப்பன். ஸ்காலர் நேர்ல வரணும். சனிக்கிழமை வரச் சொல்லுங்க. அன்னைக்கு டிபார்ட்மெண்ட்ல யாரும் இருக்க மாட்டாங்க. தொந்தரவு இல்லாம உக்காந்து முடிச்சிரலாம்."

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். மேடம் கொஞ்சம் தொட்டாச்சிணுங்கி, போன் அடித்தால் எடுப்பதில்லை, ஒத்துழைத்தால்தானே வேலை நடக்கும், வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

படியில் இறங்கும்போது ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தது. தமயந்தி என்று பெயர். அவரிடமே ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. ரெஜினா அக்கா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டது. சனிக்கிழமை வருவாள் என்றேன். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"வர்றதா இருந்தா முன்னாடியே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க சார். நான் ஹாஸ்டல்லதான் இருப்பேன். கூடவே வந்து உக்காந்துக்கிறேன்."

நல்ல பிள்ளை. இந்தக் காலத்தில் யார் இவ்வளவு உதவி செய்கிறார்கள்.

ஜூன் 14, வெள்ளி

நேற்று வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ரெஜினா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"யாரக் கேட்டுப் போனீங்க?" என்றாள்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் சம்பளம் போய், வெயிலில் அலைந்து, உனக்காகத்தானே போனேன் என்றேன். பொய் ஏன் சொன்னாய், மெயிலில் அனுப்பியதைத் தாளில் கொடுத்ததாக ஏன் சொன்னாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஷெரின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பார்த்தால் கழுத்தெல்லாம் தடிப்பு.

ஜூன் 15, சனி

ரெஜினா போகவில்லை. போன் அடித்தபடியே இருந்தது. கடைசியில் அதை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

இட்லிக்கு மாவு அரைத்து வந்தேன். சிலிண்டர் பதிவு செய்தேன். வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஷெரின் மட்டும் பேசுகிறாள். அவள் ஸ்கூலில் புது டீச்சர் வந்திருக்கிறாராம்.

ஜூன் 22, சனி

இன்றும் போகவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை தமயந்தி ஏன் அப்படிச் சொல்லிற்று என்று இரண்டு மூன்று நாளாக யோசனை வருகிறது. கூட வந்து உட்கார என்ன இருக்கிறது.

மில்லில் காற்றின் ஈரத்தைக் காக்கும் ஏ.சி. பிளாண்ட் கோளாறு. நூல் அறுந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. நல்லதுதான்.

ஜூன் 27, வியாழன்

ஷாகிரா போன் செய்தார். இந்த வகைப் பூட்டுக்குச் சாவி வந்துவிட்டதாம். கிட்டத்தட்ட எல்லாமே திறந்துவிட்டது, வைரஸும் இல்லை, புதிதாக எல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன் என்றார். இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் மாற்றிவிட்டு ஓடினேன். ஒரு நகலைத் தனி டிஸ்கில் போட்டுக் கையில் கொடுத்தார். இதை எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள் என்றார். தெரியாத மெயிலைத் திறக்கும் முன் முகவரியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள் என்றார்.

வழியில் ஜிலேபி வாங்கினேன். பெட்டியை மேஜையில் வைத்து, ஒயரெல்லாம் மாட்டி, ரெஜினாவைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். படங்களின் தொகுப்பைத் திறந்தேன். பாறை மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கற்பாசி, வட்ட வட்டமாக. அதை எடுத்த அன்று அட்டைப்பூச்சி கடித்து அவள் கால் முழுக்க ரத்தம்.

"எல்லாம் வந்துருச்சா?" என்றாள்.

"எல்லாம்," என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஷெரினிடம் சொன்னேன்.

அது சந்தோஷம் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

ரெஜினா ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டாள். ஷெரினை வேனில் ஏற்றிவிட்டு வந்தேன். ரெஜினா கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை தமயந்தி கூட வந்து உட்காருகிறேன் என்று ஏன் சொன்னது என்று கேட்டேன்.

மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொன்னதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கைடு அறையின் கதவை அவர் சாத்துவார் என்றாள். திருத்தம் காட்டுகிற சாக்கில் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார் என்றாள். கையைத் தட்டிவிட்டால் அந்த மாதம் அத்தியாயம் திரும்பி வந்துவிடும். இரண்டு வருடம்.

"கம்ப்யூட்டர் போனதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. இனிமே போக வேண்டாம்ல. நானா விட்டேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வைரஸ் வந்துருச்சு, எல்லாம் அழிஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

அந்த மெயிலை ஏன் பார்க்காமல் திறந்தாள் என்றும் சொன்னாள். அவர் பெயரைப் பார்த்தால் கை தானாகத் திறந்துவிடும். கொஞ்சம் தாமதமானாலும் போன் வரும்.

நான் எழுந்து வெளியே போனேன். கொடியில் துணி கிடந்தது. எடுத்து மடித்தேன். எல்லாவற்றையும் மடித்து அடுக்கினேன். ரெஜினா வந்து பார்த்துவிட்டு, ஈரத் துணியை மடிக்கிறீங்க என்றாள். என் கையில் இருந்ததை வாங்கித் திரும்பக் கொடியில் போட்டாள்.

நாளைக்கே போய் அவரை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்றேன்.

"அடிச்சிட்டு வந்தா அது உங்க சண்டையாயிரும்," என்றாள். "இது என்னோடது. கூட வரணும்னா வாங்க."

ஜூன் 30, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஷெரினை மட்டும் பக்கத்து வீட்டாரோடு அனுப்பினோம். ரெஜினா தமயந்தியிடம் போனில் பேசினாள். அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு பேசினாள். வெளியே வந்தபோது, இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், படிப்பை விட்டுவிட்டுப் போனவள் என்றாள்.

போன வருடம் நான் சொன்னதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும்.

ஜூலை 3, புதன்

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ரெஜினா புகாரை டைப் செய்தாள். ஒன்றரைப் பக்கம். மூன்று நாள் எடுத்தது. நான் சமைத்தேன். ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டோம்.

ஜூலை 8, திங்கள்

பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு விசாரணைக் குழு இருக்கிறது. மூவரும் ஆளுக்கொரு புகார் கொடுத்தார்கள். படிப்பை விட்ட பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தது. உள்ளே என்னை விடவில்லை. நடைவழி பெஞ்சில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அவர் வந்தார். பழைய மாதிரியே சிரித்த முகம். அவரைக் கண்டதும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பழக்கம். நம்ம குடும்பத்து விஷயம் மாதிரி பேசித் தீர்த்திருக்கலாமே அருளப்பன், ரெஜினா பேரும்தானே கெடும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் திரும்ப உட்கார்ந்துகொண்டேன். குழந்தைக்குத் தொப்பியைச் சரி செய்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ரெஜினா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்ன?"

"சொல்லிப் பாத்தேன், அனுசரிச்சுப் போகச் சொன்னாங்கன்னு சொன்னேன். யாருன்னு கேட்டாங்க. எல்லாரும்னு சொன்னேன்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். அவள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் காபி கொடுக்கும்போது, போன வருடம் நீ கேட்டபோது நான் உட்கார்ந்து கேட்டிருக்கணும் என்று சொன்னேன். தெரியும் என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுதி வெகு நாளாயிற்று. எழுத என்ன இருக்கிறது. யார் யாரோ பேசுகிறார்கள். ஸ்கூல் தலைமையாசிரியை ரெஜினாவைக் கூப்பிட்டு, பெற்றோர் காதுக்குப் போனால் நன்றாக இருக்காது என்றாராம். என் மேலாளரும் ஒரு மாதிரி விசாரித்தார். தெரியாத எண்களில் இருந்து போன். இரண்டாவது முறை விசாரணைக்குப் போய் வந்தோம். மூன்றாவது முறை தள்ளிவைத்துவிட்டார்கள். இருவருக்குமே உடம்பு முடியவில்லை. ரெஜினா ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். விட்டுவிடலாமா என்று ஒரு நாள் அவளே கேட்டாள். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தமயந்தி தனியாகிவிடும் என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மழை. கம்ப்யூட்டர் மேஜை மேல் ஒழுகுகிறது. பெட்டியைத் தூக்கிக் கட்டில் பக்கம் வைத்தோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. அவர் இனிமேல் யாருக்கும் கைடாக இருக்க முடியாது. துறைத் தலைவர் பொறுப்பில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். வேலை இருக்கிறது, சம்பளமும் வரும். மேல்முறையீடு செய்வாராம். இவ்வளவுதானா என்று நான் கேட்டேன். இவ்வளவாவது என்றாள் ரெஜினா. தமயந்தி போனில் அழுதது. படிப்பை விட்ட பெண்ணுக்குத் திரும்பச் சேர அனுமதி கொடுத்திருக்கிறார்கள். குழந்தை இருப்பதால் அது யோசிக்கிறது.

ரெஜினாவுக்கு வேறு ஒரு பேராசிரியையைப் போட்டிருக்கிறார்கள். கண்டிப்பானவராம். போனில் பேசியபோதே, இரண்டாம் அத்தியாயம் போதாது, திரும்ப எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். எப்போது வரட்டும் என்று ரெஜினா கேட்டிருக்கிறாள். வார நாளில் வா, என் அறையில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், இடம் பார்த்து உட்கார் என்றாராம்.

சாயங்காலம் ரெஜினா கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டின் முகப்புப் பக்கத்தைத் திறந்தாள். மேலே தலைப்பு. நடுவில் அவள் பெயர். அதற்குக் கீழே நெறியாளர் என்று போட்டு, அவர் பெயரும் பட்டங்களும். அந்த வரியின் கடைசியில் சொடுக்கி, ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழிக்க அவளுக்குத் தெரியாதா என்ன. முதலில் பட்டங்கள் போயின. பிறகு பெயர், பின்னாலிருந்து. 'டாக்டர்' மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதையும் அழித்தாள்.

புது மேடம் பேரைப் போடலையா என்று கேட்டேன்.

"போடணும்," என்றாள். "இன்னைக்கு மட்டும் என் பேரு தனியா இருக்கட்டும்."